கணவரின் வாசனை மாறியது... காரணம் தெரிய 12 வருடம் ஆனது!

ஜாய் மில்னுக்கு அது முதலில் வெறும் எரிச்சலாகத்தான் இருந்தது. 1980-களின் தொடக்கம். ஜாய் ஒரு செவிலியர். கணவர் லெஸ் மில்ன், மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர். அப்போதுதான் முப்பதைத் தாண்டியிருந்தார். பள்ளி நாள்களிலிருந்து பழகிய அந்த மனிதரின் உடல் வாசனை திடீரென்று மாறிவிட்டது. கஸ்தூரி மாதிரி, கூடவே ஈஸ்ட் புளித்த மாதிரி ஒரு நெடி.

ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஒட்டிக்கொண்டு வருகிறதோ, சரியாகக் குளிக்கவில்லையோ என்று நினைத்தார் ஜாய். பிறகு நம் வீடுகளில் நடப்பதுதான் அங்கேயும் நடந்தது. நன்றாகத் தேய்த்துக் குளியுங்கள் என்று இவர் சொல்ல, குளித்துவிட்டுத்தான் வருகிறேன் என்று அவர் கோபப்பட, பேச்சு சண்டையில் முடியும். லெஸ்ஸுக்கு அந்த வாசனை தெரியவில்லை. சுற்றியிருந்த வேறு யாருக்கும் தெரியவில்லை.

அடுத்து, குணம் மாறியது. பொறுமைசாலி என்று பெயரெடுத்தவர், சிடுசிடுப்பானார். ஒருநாள் இரவு தூக்கத்தில் கத்திக்கொண்டே பக்கத்தில் படுத்திருந்த மனைவியைத் தாக்கினார். அவர் ஏதோ கெட்ட கனவில் இருந்தார், தான் செய்வது அவருக்கே தெரியவில்லை. மூளையில் கட்டியாக இருக்குமோ என்று பயந்துபோனார் ஜாய். பரிசோதனைகளுக்குப் பிறகு மருத்துவர்கள் சொன்ன பெயர், பார்க்கின்சன். நம் ஊரில் நடுக்குவாதம் என்போம். லெஸ்ஸுக்கு அப்போது வயது 45. வாசனை மாறி ஏறக்குறைய 12 வருடங்கள் ஓடியிருந்தன.

வாசனைக்கும் நோய்க்கும் சம்பந்தம் இருக்கும் என்று அப்போதும் அவர்களுக்குத் தோன்றவில்லை. பல வருடங்கள் கழித்து, ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் பார்க்கின்சன் நோயாளிகளும் குடும்பத்தினரும் கூடும் ஒரு கூட்டத்துக்கு இருவரும் போனார்கள். அங்கேதான் ஜாய்க்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த அறையில் இருந்த நோயாளிகள் எல்லோரிடமும் அதே வாசனை!

இருவருமே மருத்துவத் துறைக்காரர்கள். கண்டது எவ்வளவு பெரிய விஷயம் என்பது இருவருக்குமே புரிந்தது. யாரிடம் சொல்வது, யார் நம்புவார்கள் என்பதுதான் தெரியவில்லை.

கேட்ட கேள்வி புரியவில்லை

2012-ல் எடின்பரோ பல்கலைக்கழக விஞ்ஞானி டிலோ குனாத் பார்க்கின்சன் பற்றிப் பொதுமக்களுக்கு ஓர் உரை நிகழ்த்தினார். முடிந்ததும் கேள்வி நேரம். கூட்டத்திலிருந்து எழுந்த ஜாய், பார்க்கின்சன் நோயாளிகளின் வாசனை பற்றிக் கேட்டார். குனாத் அதைத் தவறாகப் புரிந்துகொண்டார். இந்த நோய் வந்தவர்களில் பலருக்கு மோப்ப சக்தி குறையும், அது ஏற்கெனவே தெரிந்த அறிகுறி. அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்துவிட்டார். அவர்களுக்கு வாசனை தெரியாதது பற்றி அல்ல, அவர்கள்மீது வீசும் வாசனை பற்றி என்று ஜாய் விளக்க, அப்படி எதுவும் கேள்விப்பட்டதில்லை என்ற அளவில் பேச்சு முடிந்துவிட்டது.

பெரும்பாலான கதைகள் இந்த இடத்தில் முடிந்துவிடும். ஒரு கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து ஏதோ கேட்டார், அவ்வளவுதான் என்று. ஆனால், சில மாதங்கள் கழித்து வேறொரு விஞ்ஞானியிடம் குனாத் இதைச் சொல்ல, அந்தப் பெண்மணியை எப்படியாவது கண்டுபிடியுங்கள் என்று அவர் நச்சரித்திருக்கிறார். தேடிப் பிடித்தார்கள்.

அடுத்து நடந்த சோதனைக்கு கோடிக்கணக்கில் பணம் தேவைப்படவில்லை, டி-ஷர்ட்கள் போதுமானதாக இருந்தன. பார்க்கின்சன் உள்ள ஆறு பேர், இல்லாத ஆறு பேர். 12 பேரும் ஒருநாள் முழுக்க டி-ஷர்ட் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு அவற்றைக் கழற்றி, பையில் போட்டு, பெயருக்குப் பதில் குறியீடு ஒட்டி ஜாயிடம் கொடுத்தார்கள். முகர்ந்து பார்த்து யாருக்கு நோய் உண்டு, யாருக்கு இல்லை என்று அவர் சொல்ல வேண்டும்.

நோயுள்ள ஆறு பேரையும் சரியாகச் சொன்னார். ஆனால், ஏழாவதாக இன்னொரு டி-ஷர்ட்டையும் எடுத்து, இவருக்கும் இருக்கிறது என்றார். அந்த ஏழாவது ஆள், நோயில்லாதவர்கள் பட்டியலில் இருந்தவர். விஞ்ஞானிகள் ‘12-க்கு 11’ என்று குறித்துக்கொண்டார்கள். ஜாய் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த டி-ஷர்ட்டில் வாசனை இருக்கிறது என்பதில் பிடிவாதமாக இருந்தார்.

எட்டு மாதங்கள் கழித்து அந்த ஏழாவது நபர் குனாத்தைத் தொடர்புகொண்டார். தனக்குப் பார்க்கின்சன் இருப்பதாக மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள் என்றார்.

மருத்துவர்களுக்கே தெரியாதபோது, அந்த மனிதருக்கே தெரியாதபோது, அவர் போட்டுக் கழற்றிய துணிக்குத் தெரிந்திருக்கிறது. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது, உண்மை.

அக்குள் இல்லை, காலர்

12 பேரை வைத்துச் செய்த சோதனை அறிவியலில் நிரூபணம் ஆகாது. ஆனால், தேடலாம் என்று சொல்ல அது போதும். எங்கே தேடுவது என்பதற்கும் ஜாயே வழி காட்டினார். வியர்வை என்றால் அக்குளில்தானே வாசனை அதிகம் இருக்க வேண்டும்? இது அங்கே இல்லை, காலர் படும் இடத்திலும் மேல் முதுகிலும்தான் தூக்கலாக இருந்தது. அது வியர்வையைவிட எண்ணெய்ப் பசை அதிகம் சுரக்கும் இடம். நம் முகத்திலும் நெற்றியிலும் பிசுபிசுக்கிறதே, அதே எண்ணெய்தான். மருத்துவத்தில் சீபம் என்கிறார்கள். பார்க்கின்சன் வந்தவர்களுக்குச் சருமத்தில் எண்ணெய் வழிவது மருத்துவர்களுக்குப் பல காலமாகத் தெரிந்த விஷயம்தான். அந்த எண்ணெய்க்குள் என்ன இருக்கிறது என்பதில்தான் புதிய தேடல் தொடங்கியது.

இந்த வேலையை மான்செஸ்டர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் பெர்டிட்டா பாரன் கையில் எடுத்தார். மூலக்கூறுகளை எடைபோட்டு அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவியில் அவர் நிபுணர். நோயாளிகளின் மேல் முதுகில் காஸ் துணியால் துடைத்து எடுத்தார்கள். அதைச் சூடாக்கினால் அதிலுள்ள பொருள்கள் ஒவ்வொன்றாக ஆவியாகி, மெல்லிய குழாய் வழியே வரிசையாக வெளியே வரும். ஒரு முனையில் கருவி. இன்னொரு முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஜாய்! எந்த நொடியில் ‘அந்த வாசனை’ வருகிறது என்று அவர் சொல்வார், அதே நொடியில் என்ன பொருள் வந்தது என்று கருவி சொல்லும். மனித மூக்கை ஆய்வகக் கருவியில் இணைத்துவிட்டார்கள் என்றே சொல்லலாம்.

2019-ல் முடிவு வெளியானது. ஹிப்யூரிக் அமிலம், ஐகோசேன் போன்ற சில பொருள்கள் நோயாளிகளிடம் அதிகமாக இருந்தன. பெரில்லிக் ஆல்டிஹைடு குறைவாக இருந்தது. பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஜாய் சொன்னது மனப்பிரமை அல்ல, அந்த வாசனைக்குப் பின்னால் அளந்து காட்டக்கூடிய வேதிப்பொருள்கள் இருக்கின்றன என்பதுதான் செய்தி.

2022-ல் அதே குழு அடுத்த படிக்குப் போனது. நோயுள்ள 79 பேர், இல்லாத 71 பேர். முதுகில் பஞ்சுக் குச்சியால் ஒரு தேய்ப்பு. அதைக் காகிதத்துக்கு மாற்றி, கருவிக்குள் செலுத்தினால் மூன்று நிமிடங்களில் முடிவு. 4,000-க்கும் மேற்பட்ட பொருள்களில் சுமார் 500 பொருள்கள் இரு தரப்பினருக்கும் வேறுபட்டிருந்தன. இதெல்லாம் ஆய்வகத்துக்குள்தான். எந்த ஆஸ்பத்திரியிலும் போய் ‘சீபம் டெஸ்ட்’ எடுக்கச் சொல்லிக் கேட்கும் நிலை இன்னும் வரவில்லை.

இதில் லெஸ் பார்த்தது கொஞ்சம்தான். 2015-ல், 65 வயதில் இறந்துவிட்டார். இறப்பதற்கு முன், இந்த ஆராய்ச்சியை விட்டுவிடக் கூடாது என்று மனைவியிடம் உறுதி வாங்கிக்கொண்டார்.

12 வருடங்கள் ஏன் முக்கியம்?

பார்க்கின்சன் என்றதும் நமக்கு நினைவு வருவது கை நடுக்கம். 1817-ல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயைப் பற்றி எழுதியபோதும் நடுக்கத்தைத்தான் தலைப்பில் வைத்தார். ஆனால், நடுக்கம் இந்த நோயின் தொடக்கம் கிடையாது. நடுமூளையில் கறுப்பாகத் தெரியும் ஒரு சிறிய பகுதி இருக்கிறது. உடல் அசைவுகள் சீராக நடக்கத் தேவையான டோபமைனைச் சுரக்கும் செல்கள் அங்கே இருக்கின்றன. அவை சத்தமில்லாமல் ஒவ்வொன்றாக மடிந்துகொண்டே வரும். கை நடுங்கி, நடை தளர்ந்து, ஒருவர் மருத்துவரிடம் போய் உட்காரும்போது அந்தச் செல்களில் பாதிக்கும் மேல் போயிருக்கும் என்று கணக்கிடுகிறார்கள்.

மருந்து இல்லாமல் இல்லை. லெவோடோபா என்ற மாத்திரை மூளைக்குள் போய் டோபமைனாக மாறும். (நம் காடுமேடுகளில் படரும் பூனைக்காலிக் கொடியின் விதையிலேயே இந்த லெவோடோபா இருக்கிறது. 1937-லேயே இந்திய விஞ்ஞானிகள் இருவர் அதைப் பிரித்தெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அதற்காக யாரும் விதையை வறுத்துப் பொடி செய்யக் கிளம்ப வேண்டாம். அளவு தப்பினால் வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு, குழப்பம் என்று வேறு வினை வரும்.) ஆனால், இந்த மருந்து குறைந்துபோனதை ஈடுகட்டும், அவ்வளவுதான். செல்கள் மடிவதை நிறுத்தாது. நிறுத்தும் மருந்து ஒன்று நாளை வந்தாலும், செல்கள் மிச்சமிருக்கும்போதே கொடுத்தால்தான் பலன். அதனால்தான் வாசனைக்கும் நடுக்கத்துக்கும் இடைப்பட்ட அந்த 12 வருடங்கள் மேல் விஞ்ஞானிகளுக்கு இவ்வளவு ஆசை. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 கணக்குப்படி உலகில் 85 லட்சம் பேருக்கு மேல் இந்த நோயுடன் வாழ்கிறார்கள்.

பம்ப்பரும் பீனட்டும்

ஒரு வாக்குமூலம். இந்தக் கதைக்குள் நான் வந்ததே நாய்களைப் பார்த்துத்தான். 2025 ஜூலையில் ‘பார்க்கின்சனை மோப்பம் பிடிக்கும் நாய்கள்’ என்று செய்தி வந்தது. பம்ப்பர் என்ற கோல்டன் ரெட்ரீவர், பீனட் என்ற கறுப்பு லாப்ரடார். டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நாய் படம் என்றாலே கிளிக் கணக்குதான் கண்ணில் தெரியும். படத்தோடு நாலு வரி எழுதிப் போட்டுவிடலாம் என்று தொடங்கி, பின்னாலேயே போய்ப் போய் ஜாயிடம் வந்து நின்றேன்.

பிரிட்டனில் உள்ள மெடிக்கல் டிடெக்‌ஷன் டாக்ஸ் என்ற அமைப்பு இந்த நாய்களுக்குப் பல மாதங்கள் பயிற்சி கொடுத்தது. 200-க்கும் மேற்பட்ட சரும மாதிரிகள் பயன்பட்டன. பிறகு, எது யாருடையது என்று நாயைப் பிடித்திருப்பவருக்கும் தெரியாத வகையில் சோதனை. நோய் உள்ள மாதிரிகளில் நூற்றுக்கு அதிகபட்சம் 80-ஐ நாய் சரியாகக் காட்டியது. நோய் இல்லாத மாதிரிகளில் அதிகபட்சம் 98-ஐ சரியாக ஒதுக்கியது.

98 என்றதும் ‘அடேயப்பா’ என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்குப் பார்க்கின்சன் இருக்கலாம் என்பார்கள். ஒரு மண்டபத்தில் அந்த வயதுக்காரர்கள் 1,000 பேரைக் கூட்டி இந்தச் சோதனையைச் செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நோய் உள்ள 10 பேரில் 8 பேரை நாய் பிடித்துவிடும். மீதி 990 பேருக்கு நோய் இல்லை. அதில் நூற்றுக்கு இரண்டு பிழை என்றால், சுமார் 20 பேரை ‘உனக்கு இருக்கிறது’ என்று தப்பாகக் காட்டும். ஆக, நாய் காட்டிய 28 பேரில் 20 பேருக்கு எதுவும் இல்லை! அவர்கள் அன்று இரவு தூங்குவார்களா?

நாய் மட்டுமல்ல, அதே துல்லியமுள்ள கருவியை வைத்தாலும் இதே கதைதான். அதனால், இந்த மாதிரிச் சோதனை வந்தாலும் ஊரைக் கூட்டிச் செய்வதாக இருக்காது. நரம்பியல் மருத்துவர் சந்தேகப்படுகிற நபருக்கு, அந்தச் சந்தேகத்தை உறுதி செய்யவோ நீக்கவோ முதலில் பயன்படும். இப்போதைக்கு மருத்துவர்கள் நடக்க வைத்து, விரல்களைத் தட்டச் சொல்லி, எழுத வைத்துப் பார்த்துத்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறார்கள். ஸ்கேன்கள் துணைக்கு மட்டும்தான்.

2025-ல் இன்னோர் ஆய்வும் வெளியானது. என்னைக் கேட்டால் நாய்களைவிட இதுதான் பெரிய செய்தி. மான்செஸ்டர் குழுவும் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரக் மருத்துவர்களும் சேர்ந்து, ஒரு குறிப்பிட்ட தூக்கக் கோளாறு உள்ளவர்களின் சருமத்தைத் துடைத்துப் பார்த்தார்கள். கனவு காணும்போது நம் உடல் அசையாமல் இருக்கும்படி மூளை ஒரு பூட்டுப் போட்டு வைக்கும். இவர்களுக்கு அந்தப் பூட்டு விழாது. கனவில் யாரோ துரத்தினால் நிஜத்தில் உதைப்பார்கள், கத்துவார்கள், பக்கத்தில் இருப்பவரை அடித்துவிடுவார்கள். இந்தக் கோளாறு உள்ளவர்களில் பலருக்குப் பின்னாளில் பார்க்கின்சனோ அதைச் சேர்ந்த நோய்களோ வருகின்றன. அவர்களுடைய சரும எண்ணெய், ஆரோக்கியமானவர்களைப் போலவும் இல்லை, பார்க்கின்சன் நோயாளிகளைப் போலவும் இல்லை. இரண்டுக்கும் நடுவே இருந்தது. ஆய்வில் இருந்த தூக்கக் கோளாறுக்காரர்கள் பத்துப் பேர்கூட இல்லை என்பதால் இப்போதே பெரிதாகப் பேசிவிட முடியாது. ஆனால் லெஸ் மில்ன் ஒருநாள் இரவு கத்திக்கொண்டே மனைவியைத் தாக்கினாரே, அதை மீண்டும் நினைத்துப் பாருங்கள்.

வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்கள் சிலவற்றைக் கவனிக்கலாம். தூக்கத்தில் அடிக்கடி கை காலை வீசிக் கத்துவது, சாம்பார் கொதிக்கிற வாசனைகூடத் தெரியவில்லை என்பது, நீண்ட நாள் மலச்சிக்கல், கையெழுத்து சின்னதாகிக்கொண்டே போவது, நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் இருப்பது. ஒவ்வொன்றுக்கும் வேறு நூறு காரணம் இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் ஒரு நரம்பியல் மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

தெரிந்து என்ன செய்வது?

இந்தக் கட்டுரைக்காகப் படித்த நாள்களில் நான் அலுவலகத்தில் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் ஒரு கேள்வி கேட்டேன். உங்களுக்கு ஏழு வருடம் கழித்துப் பார்க்கின்சன் வரும் என்று இன்றே சொல்ல முடிந்தால், தெரிந்துகொள்ள விரும்புவீர்களா? நிறுத்த மருந்து கிடையாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். பாதிப் பேர் வேண்டவே வேண்டாம் என்றார்கள். நானும் முதலில் அந்தக் கட்சியில்தான் இருந்தேன்.

ஜாயின் பதில் வேறு. முன்பே தெரிந்திருந்தால் குடும்பத்தோடு இன்னும் அதிக நேரம் இருந்திருப்போம், இன்னும் பயணம் போயிருப்போம், அவருடைய கோபமும் சோர்வும் எங்கிருந்து வருகிறது என்பதாவது புரிந்திருக்கும் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மருந்தைப் பற்றி அவர் பேசவில்லை. குளிக்கவில்லை என்று போட்ட சண்டைகளும், ஏன் இப்படி மாறிவிட்டார் என்று குமைந்த வருடங்களும்தான் அவருக்கு வலிக்கின்றன. அதைக் கேட்ட பிறகு நான் எந்தக் கட்சி என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

ஜாய்க்கு இருப்பது ஹைப்பராஸ்மியா, அதாவது அளவுக்கு மீறிய மோப்ப சக்தி. அவருடைய பாட்டிக்கும் இருந்ததாம். மூக்கை மூடிவைக்கவும் முடியாது. சூப்பர் மார்க்கெட்டிலும் தெருவிலும் யாரோ ஒருவர் கடந்துபோகும்போது அந்த வாசனை வந்துவிடுகிறது. அவருக்குத் தெரியாது, அவர் வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரியாது, ஜாய்க்கு மட்டும் தெரியும். ஒருவரிடம் போய்ச் சொல்லக்கூடிய விஷயமா இது? சொன்னாலும், கடையில் ஒரு பெண்மணி முகர்ந்து பார்த்துச் சொன்னார் என்று அவர் தன் மருத்துவரிடம் போய் நிற்க முடியுமா? உறுதி செய்யும் சோதனை வரும்வரை சொல்லக் கூடாது என்பதுதான் மருத்துவ தர்மம் என்று அவருக்கு அறிவுறுத்தியிருக்கிறார்கள். அதனால், ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறார்.